நல்ல குடும்பத்துப் பெடியன்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் கொறற்றிக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். பாரிசிலிருந்து எடுப்பார்கள், டென்மார்க்கிலிருந்து எடுப்பார்கள், ரொறொன்ரோவிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் எடுப்பார்கள். கொறற்றி முதியோர் இல்லத்தில் வயசாளிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, இடுப்பு வலியோடு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அந்தத் தொலைபேசி அடிக்கும். அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பம் ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும். வராத குடும்பங்களை அதைவிட நன்றாகத் தெரியும்.

விசாரிப்புக்குப் பதில் சொல்ல ஒரு முறை இருக்கிறது. பிள்ளையைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் வரக்கூடாது. ஒரு கலியாணத்தைக் குழப்பிய பாவம் யாருக்கு வேண்டும்? அதனால் பெடியன் நல்லவன் என்றால் கொறற்றி பெடியனைப் பற்றிக் கதைப்பார்: அவனுடைய வேலை, குணம், தாயோடு பேசுகிற விதம், எல்லாம் வரும். பெடியன் சரியில்லை என்றால் குடும்பத்தைப் பற்றிக் கதைப்பார். "நல்ல குடும்பம். தகப்பன் தங்கமான மனுசன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். மறுமுனையில் இருக்கும் பெண்வீட்டுக்காரருக்கு அது போதும். நன்றி சொல்லி வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு "பிள்ளை இன்னும் படிக்கப் போறாளாம்" என்று சொல்லி அனுப்புவார். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் முகம் முறியவில்லை. கெட்டித்தனமான ஏற்பாடுதான், கேட்கிறவருக்கும் அந்த முறை தெரிந்திருக்கிற வரைக்கும்.

கொறற்றியின் புருசன் சில்வெஸ்டர் மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, அலைக்கழிந்து, கடைசியில் மன்ஹைமில் அமெரிக்க இராணுவ முகாமின் சமையலறையில் கோப்பை கழுவினார். அங்கே சாப்பாட்டு மண்டபத்தில் எப்போதும் ஒரு தொலைக்காட்சி ஓடும். அதில் எப்போதும் அமெரிக்கக் காற்பந்து ஓடும். பெயர்தான் காற்பந்து. கையால் எறிந்து கையால் பிடிக்கிற விளையாட்டு அது; தலையில் கவசமும் தோளில் மெத்தைக் கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள். சில்வெஸ்டருக்கு நெடுநாளாக அதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. பிறகு ஒருவகை ஆட்டக்காரரில் மட்டும் கண் போய் விழுந்தது. ரிசீவர் என்பார்கள். மைதானத்தின் ஓரத்தில் தனியே நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் ஓடுவான், வெட்டித் திரும்புவான், எறிகிறவன் எறிந்த பந்து வந்து இறங்கும் இடத்துக்குப் போய் அதைப் பிடிப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் பிடிக்கிற அந்த நேரத்தில் அவனுடைய கண் பந்தில் இருக்கும், அவனை இடிக்க வருகிறவனின் கண் அவனில் இருக்கும். சில்வெஸ்டர் கழுவுகிற கோப்பையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், சமையற்காரனிடம் ஏச்சும் வாங்குவார்.

கலியாணம் கட்டி கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த பிறகு அந்தப் பைத்தியமே அவருக்குச் சோறு போட்டது. பிரெண்டன் என்று ஓர் அமெரிக்கர், முன்னாள் இராணுவத்தான், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். சிகரெட்டும் பியரும் விற்கிற ஒரு பெட்டிக்கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் இந்த விளையாட்டை விளையாடுகின்றன. படிப்பு முடிகிற பெடியன்களைப் பெரிய தொழில்முறைக் கழகங்கள் ஒவ்வொரு சித்திரையிலும் முறைவைத்து ஏழு சுற்றுகளில் தெரிவு செய்யும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். எவனை எடுக்கலாம், எவனை எடுக்கக் கூடாது என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் பிரெண்டனின் தொழில். ஐரோப்பாவில் இந்த விளையாட்டுப் பித்துப் பிடித்தவர்களும், சில சஞ்சிகைகளும், அமெரிக்காவிலேயே இரண்டொரு கழகங்களும் அதை வாங்கின. சில்வெஸ்டர் பதிவுகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்சக் காலத்தில் ரிசீவர்கள் முழுக்க அவருடைய பொறுப்பாகிவிட்டார்கள்.

அவருடைய அறிக்கைகள் ஒரு மாதிரியாக இருக்கும். வேகம், உயரம், கை எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். சில்வெஸ்டர் வேறு விஷயங்களையும் பார்ப்பார். பந்தைத் தவறவிட்டவன் எறிந்தவனை முறைக்கிறானா, தன் கையைப் பார்க்கிறானா? பந்து தனக்கு வராது என்று தெரிந்த ஆட்டத்திலும் முழு வேகத்தில் ஓடுகிறானா? இடித்து விழுத்தியவன் கை கொடுத்தால் பிடித்து எழும்புகிறானா? "ஆளை எடை போட எங்கே படித்தாய்?" என்று பிரெண்டன் ஒருமுறை கேட்டார். "வீட்டில்" என்றார் சில்வெஸ்டர். அது உண்மைதான். கொறற்றி தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது.

ஒரு வித்தியாசம் இருந்தது. அறிக்கையில் சில்வெஸ்டர் எதையும் பூசி மெழுக மாட்டார். சோம்பேறியைச் சோம்பேறி என்றே எழுதுவார். ஒஹாயோவிலோ டெக்சசிலோ இருக்கிற எவனோ ஒரு பெடியனின் தாய் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வந்து பக்கத்தில் இருக்கப் போகிறாளா என்ன?

அப்படி ஒரு தாய் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மார்கழியில் வந்தாள். பெயர் பிறேமா. புருசன் இன்னாசித்தம்பி ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சில்வெஸ்டரோடு ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர். அவர்களுடைய மூத்தவன் நிலக்ஷனுக்கு ஞானஸ்நானத்தில் சில்வெஸ்டர்தான் ஞானத்தகப்பன். பெடியன் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து, கோயிலில் முதல்நன்மை எடுத்த நாளில் ஒரு முட்டை வடிவப் பந்தை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நிலக்ஷன் இங்கே கழகத்தில் விளையாடி, பரிமாற்ற மாணவனாக அமெரிக்கா போய், அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசிலும் வாங்கிவிட்டான். எங்கள் ஆட்களுக்கு அது என்ன விளையாட்டு என்று விளங்கவில்லை. ஆனால் இன்னாசித்தம்பி பணங்கட்டி ஒரு செயற்கைக்கோள் சேனல் எடுத்து, தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாத மகனைச் சட்டை இலக்கத்தை வைத்துக் கண்டுபிடித்துப் பார்த்தார். பாண் தொழிற்சாலையில் துருக்கிக்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் மகனின் படத்தைக் காட்டிக் காட்டி அந்தப் படத்தின் மூலை மடிந்துபோயிற்று.

அந்த மார்கழியில் ஓர் அமெரிக்கக் கழகம் பிரெண்டனிடம் கேட்டது: வருகிற சித்திரைத் தெரிவுக்கு நிற்பவர்களில் ஒரு ரிசீவர் உங்கள் ஊர்ப் பெடியன். எங்களுக்கு அவனுடைய வீடு வாசல் தெரியாது. நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், ஆட்டத்தோடு வீட்டையும் விசாரித்து எழுதுங்கள்.

"இவன் என் ஞானப்பிள்ளை" என்று சில்வெஸ்டர் பிரெண்டனிடம் சொன்னார். "வேறு யாராவது எழுதினால் நல்லது."

"வேறு யாருக்கு அவனை உன்னைப்போலத் தெரியும்?" என்றார் பிரெண்டன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம்? அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு இன்னாசித்தம்பியும் பிறேமாவும் கட்லட் பெட்டியோடு சில்வெஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்ன எழுதப் போகிறாய் என்று இன்னாசித்தம்பி கேட்கவில்லை. அவர் அப்படிக் கேட்கிற மனுசன் இல்லை. குளிரைப் பற்றிக் கதைத்தார், தொழிற்சாலையில் புதிதாக வந்த மேலாளனைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நான் இஞ்சை வந்து இருவது வருசம் மாப்பிசைஞ்சதுதான். ஒருத்தனும் என்ரை பேரைச் சரியாச் சொன்னதில்லை. பெடியன்ரை பேரை அங்கை ரீவியிலை சொல்லுறாங்கள்."

"தெரியும் அண்ணை" என்றார் சில்வெஸ்டர்.

பிறேமா கட்லட் பெட்டியை நீட்டினார். கட்லட் ஆறிவிடும், சூடாக்கிச் சாப்பிடுங்கோ என்று மட்டும் சொன்னார்.

சில்வெஸ்டர் நிலக்ஷனின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தார். ஓரமாக ஓடும்போது பெடியனைப் பிடிக்க ஆளில்லை. கை பஞ்சு. பந்து வந்து விழுந்த சத்தமே கேட்காது போல அவ்வளவு மெதுவாகப் பிடித்தான். சில்வெஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு நடுவால் ஓடுகிற ஆட்டங்கள் வந்தன. மைதானத்தின் நடுப்பகுதியில்தான் இடிக்கிறவர்கள் காத்து நிற்பார்கள். அங்கே போய்ப் பந்துக்குக் கையை நீட்டினால் விலாவைத் திறந்து கொடுத்த மாதிரி. நிலக்ஷனின் கை நீளவில்லை. முழங்கை விலாவோடு ஒட்டியபடி இருக்க, பந்து விரல் நுனியைத் தாண்டிப் போயிற்று. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் எறிந்தவனின் பிழை போலத் தெரியும். கோல் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் வெட்ட வெளிச்சம். அமெரிக்கர்கள் அதை முதலைக்கை என்பார்கள், முதலைக்குக் கை குட்டை என்பதால். ஒருமுறை என்றால் யாருக்கும் வரும். நிலக்ஷனுக்கு ஒவ்வொரு முறையும் வந்தது.

கொறற்றி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார். விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பிள்ளை பயப்பிடுது" என்றார்.

சில்வெஸ்டர் படத்தை நிறுத்தினார். "எப்பிடிச் சொல்லுறாய்?"

"முகத்தைத் திருப்புது, பாருங்கோ. ஊசி போடேக்கை எங்கடை வயசாளியள் திருப்புற மாதிரி." பிறகு தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "இதை எழுதப் போறீங்களே?"

"அதுதானே வேலை."

"அவன்ரை தகப்பன் இப்பத்தானே இந்தக் கதிரையிலை இருந்திட்டுப் போறார். ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையைக் குழப்பாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

சில்வெஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதினால் இன்னாசித்தம்பியின் வீட்டுப் படியை எப்படி மிதிப்பது? எழுதாவிட்டால் பிரெண்டனுக்குப் பொய். அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஓட்டம், கை, பிடித்த பின் ஓட்டம் என்று நல்லவற்றையெல்லாம் மனம் நிறைந்து எழுதினார். 'நடுப்பகுதியில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. வெகுநேரம் யோசித்துவிட்டு அதில் ஆங்கிலத்தில் இப்படி எழுதினார்: நல்ல குடும்பத்துப் பெடியன். தகப்பன் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை.

எழுதி முடித்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. அவருடைய கணக்கில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். கேட்ட இடத்தில் பெடியனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடும்பத்தைச் சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் ஒருவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? கோடிக்கணக்கில் புரளுகிற கழகம், இத்தனை பேரை விசாரித்துத் தெரிவு செய்கிறவர்கள், இதுகூட விளங்காமலா இருப்பார்கள்? மரியாதையாக விட்டுவிடுவார்கள். இன்னாசித்தம்பி அண்ணைக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும், காலப்போக்கில் ஆறிவிடும். சில்வெஸ்டர் இப்படியெல்லாம் நினைத்து ஆறுதல்பட்டார், பாவம்.

பிரெண்டன் அதைப் படித்துவிட்டுச் சில்வெஸ்டர் கட்டம் மாறி எழுதிவிட்டார் என்று நினைத்தார். அந்த வரியை எடுத்துக் 'குணம்' என்ற கட்டத்தில் போட்டார். காலியான கட்டத்தில், சில்வெஸ்டர் ஒரு குறையும் சொல்லவில்லை, ஆகையால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தன் கையால் எழுதி அனுப்பினார். அமெரிக்காவில் எழுதியதைத்தான் படிப்பார்கள். எழுதாததைப் படிக்கிற வித்தை எங்கள் ஆட்களுடையது.

சித்திரையில் டிராஃப்டின் கடைசிச் சுற்றில் அந்தக் கழகம் நிலக்ஷனின் பெயரை வாசித்தது. திங்கட்கிழமை காலையில் இன்னாசித்தம்பி தொலைபேசி எடுத்து சந்தோசத்தில் அழுதார். சில்வெஸ்டர் அலுவலகத்துக்கு ஓடிப்போய் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் பிரெண்டன் செய்த வேலை தெரிந்தது. அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. "அந்தக் கட்டத்தை நான் வேண்டுமென்றுதான் அப்படி எழுதினேன்" என்று விளக்கப் போனால், ஏன் நேராக எழுதவில்லை என்று கேட்பார். சில்வெஸ்டர் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஆனி மாதம் நிலக்ஷன் ஒரு கிழமை வீட்டுக்கு வந்தான். பங்கு மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். புரியாணி, ரோல்ஸ், மைதானம் மாதிரிப் பச்சையாக ஒரு கேக், சாமியாரின் ஆசீர்வாதம், பெடியள் வரிசையாக நின்று எடுத்த படங்கள். இன்னாசித்தம்பி தலைகால் தெரியாமல் நடந்தார். நிலக்ஷன் எல்லோருக்கும் சிரித்துக் கை கொடுத்துவிட்டு, சில்வெஸ்டர் வெளியே புகைக்கப் போன நேரம் பார்த்துப் பின்னால் வந்தான்.

"மாமா, நீங்கள்தானே என்னைப் பற்றி எழுதினது?"

"ஓமடா."

"எல்லா கேமும் பாத்தனீங்களோ?"

"ஓம், எல்லாம் பாத்தனான்."

"கோல் பக்கத்து கமராவிலையும்?"

"அதிலையும்தான்."

பெடியன் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தான். "என்னத்தை எழுதினீங்கள்?"

"நல்லதாத்தான் எழுதினன்" என்றார் சில்வெஸ்டர்.

நிலக்ஷனின் முகம் விழுந்துவிட்டது. களைப்பாக்கும் என்று சில்வெஸ்டர் நினைத்தார். இவ்வளவு பேரை எடை போட்ட மனுசனுக்கு, முன்னால் நின்ற சொந்த ஞானப்பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. பெடியன் "தாங்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கேக் வெட்டக் கத்தியைப் பிடித்தான்.

ஆவணி முடிய முதலே கழகம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. எத்தனையோ பேரை அனுப்புவார்கள், அது பெரிய விஷயம் இல்லை என்று சில்வெஸ்டர் வீடு வீடாகச் சொன்னார். எங்கள் ஆட்களும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். கறுப்புப் பெடியன் என்றபடியால் வைத்திருக்கவில்லை என்றார்கள். அந்தக் கழகத்தில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள் என்று சில்வெஸ்டர் அவர்களுக்குச் சொல்லவில்லை. நிலக்ஷன் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைப் பிறேமா கதவடியில் கொண்டுபோய் வைத்தார்.

இன்னாசித்தம்பி மட்டும் தளரவில்லை. கனடாவில் ஒரு கழகம் விசாரிக்கிறது என்று கார்த்திகையில் ஒரு செய்தி வந்தது. அங்கேயும் இந்த விளையாட்டு இருக்கிறது, கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். "சொந்தக்காரர் முழுக்க அங்கைதானே, சித்தப்பன்ரை வீட்டிலை நிண்டு விளையாடலாம்" என்றார் இன்னாசித்தம்பி. கழகம் பிரெண்டனைக் கேட்டது. பிரெண்டன் சில்வெஸ்டரின் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் அவர்கள் எடுப்பார்கள் என்று முடிவாயிற்று. அன்றைக்குச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று இன்னாசித்தம்பி கட்டளை போட்டுவிட்டார்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் நிலக்ஷன் சில்வெஸ்டர் வீட்டு மணியை அடித்தான். கொறற்றி வேலையில். பெடியன் மெலிந்துபோயிருந்தான். கதிரையில் இருந்து, கையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்களுக்குத் தெரியும்தானே" என்றான்.

சில்வெஸ்டர் தெரியாது என்று சொல்லப் பார்த்தார். "ஓம். தெரியும்."

"அங்கை கோச் ஒரே ஆட்டத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டான். நடுவாலை. எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தாங்கள். என்ரை கை போகேல்லை மாமா. நான் போ எண்டுதான் சொல்லுறன், அது போகேல்லை. சிரிச்சாங்கள், பிறகு சிரிக்கவும் இல்லை. அதுதான் கூட வெக்கம்."

"எப்பவிருந்து உனக்கு இப்பிடி?"

"ரெண்டாம் வருசம் ஒருத்தன் இடிச்சு மூச்சு நிண்டுபோச்சு. அண்டையிலையிருந்து." அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கள் எழுதுறீங்கள் எண்டு கேள்விப்பட்ட உடனை எனக்கு நிம்மதி தெரியுமோ? மாமா பாத்தால் கண்டுபிடிச்சிடுவார், எழுதிடுவார், என்னை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்கள், நான் வீட்டை வந்து ஒரு அவுஸ்பில்டுங் செய்து தொழில் பழகலாம் எண்டு இருந்தனான். நீங்கள் நல்லதா எழுதிப்போட்டீங்கள்."

சில்வெஸ்டருக்கு அந்த இடத்தில் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிய மனுசன் அவர். அந்த வாய் திறக்கும் என்று நம்பித்தான் பிள்ளை இருந்திருக்கிறான்.

"நீ கொப்பருக்குச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? அவர் பாண் கொம்பனி முழுக்கச் சொல்லித் திரியிறார். எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு நான் சொன்னால் அது பயந்தாங்கொள்ளிக் கதை. நீங்கள் சொன்னால் அது றிப்போட்." அவன் எழும்பினான். "நாளைக்கு எடுப்பாங்கள்தானே. என்னைக் கனடாவுக்கு அனுப்பாதேங்கோ மாமா."

ஞாயிறு மத்தியானம் இன்னாசித்தம்பியின் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. மேசையில் நாலு பேர். கொறற்றிக்கு அன்றைக்கும் வேலை. இன்னாசித்தம்பி பூசைக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் இருந்தார். பிறேமா சோற்றைக் கொண்டுவந்து வைக்கவும் சில்வெஸ்டரின் கைத்தொலைபேசி அடித்தது. அவர் எழும்பி அப்பால் போகப் பார்த்தார். "இஞ்சையே கதை தம்பி, ஒரு சத்தமும் போட மாட்டம்" என்றார் இன்னாசித்தம்பி. நிலக்ஷன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

கனடாக்காரர் நல்ல மரியாதையான மனிதர். வீட்டாரைப் பற்றிக் கேட்டார், படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். இது உங்கள் கழகம் என்றால் அவனை எடுப்பீர்களா?

சில்வெஸ்டரின் நாக்கு பழைய இடத்துக்குத்தான் போயிற்று. நல்ல குடும்பம் என்று தொடங்கிவிட்டார். எதிரே நிலக்ஷனின் கண் மூடியது. அதைக் கண்டதும் அவர் நிறுத்தினார். இன்னாசித்தம்பிக்கும் விளங்கக்கூடிய சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில் சொன்னார். "எடுக்க மாட்டேன். நடுவால் ஓடும்போது அவனுக்குப் பயம். கை நீளாது. நெடுநாளாக அப்படித்தான். அவனை அங்கே ஓட விடுவது அவனுக்கு நல்லதில்லை. முந்தின அறிக்கையில் நான் இதை எழுதவில்லை, அது என் பிழை."

மறுமுனையில் இருந்தவர் நேராகச் சொன்னதற்கு நன்றி சொல்லி வைத்தார். சில்வெஸ்டர் தொலைபேசியை மேசையில் வைத்தார். பிறேமாவின் கை அகப்பையோடு அந்தரத்தில் நின்றது.

இன்னாசித்தம்பி ஏசுவார், கோப்பையைத் தூக்கி எறிவார் என்றுதான் சில்வெஸ்டர் எதிர்பார்த்தார். அவர் குரலே உயரவில்லை.

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன மார்கழி, அண்ணை. நீங்கள் கட்லட் கொண்டு வந்த கிழமை."

"அப்ப என்ரை பிள்ளையை அங்கை அனுப்பேக்கை உனக்குத் தெரியும்."

"ஓம்."

"அவன் பயந்து பயந்து போறான் எண்டு தெரிஞ்சு, எனக்கு முன்னாலை நிண்டு விருந்துக் கேக்கும் திண்டனி."

சில்வெஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகனின் பெயர் கெட்டுப்போனதற்காக அந்த மனுசன் கோபிப்பார் என்று ஒரு வருஷமாகப் பயந்திருந்தார். பிள்ளை தனியாகக் கிடந்து பயந்ததற்காகக் கோபிப்பார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"மாமாவை விடுங்கோ" என்றான் நிலக்ஷன். "நான்தான் சொல்லச் சொன்னனான். எனக்குப் பயம்தான் அப்பா. இவ்வளவு நாளும் பயம்தான்."

இன்னாசித்தம்பி மகனைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி முடித்தும் கோட்டை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"நீ நடுவாலை ஓடேக்கை நான் ரீவியைப் பாக்கிறேல்லையடா" என்றார். "குசினிக்குப் போயிடுவன். ஒண்டுமில்லை, எழும்பிட்டான் எண்டு கொம்மா கூப்பிட்டுச் சொன்னாத்தான் வாறனான்."

பிறேமா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிலக்ஷன் தகப்பனின் பக்கத்தில் இருந்த கதிரைக்கு மாறி இருந்தான். இவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையை அவருடைய தோளில் சாய்த்தான். அவர் அந்தத் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

சில்வெஸ்டர் எழும்பித் தன் மேற்சட்டையைத் தேடினார். இனி இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று நினைத்தார். இன்னாசித்தம்பி அவர் பக்கம் திரும்பவில்லை, பெயரும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்:

"அவரை இருக்கச் சொல்லு. சோத்தைப் போடு."